வாசகர் கேள்வி – பதில்: தோணிப் பலகையில் ஒரு முகம், தென்னங்குற்றியில் ஒரு முழவு

கேள்வி: அறுகம்குடாவில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறு விடுதிக்கு ‘டிக்கி’ பாணியில் முகம் செதுக்கிய மரப்பலகைகளை நானே செய்ய விரும்புகின்றேன். அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர் அவற்றை விரும்புவார்கள் என்கிறார்கள். இது எந்த நாட்டுக் கலை? எந்த மரம் ஏற்றது? – வாசகர், பொத்துவில்

பதில்: வாகனத்தின் பின்புறப் பெட்டிக்கும் இந்த டிக்கிக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். நியூசிலாந்தின் மாவோரி மக்களது தொன்மக் கதைகளில் முதல் மனிதனாகச் சொல்லப்படுபவனின் பெயர் அது. பொலினீசியத் தீவுகள் பலவற்றில் மனித உருவில் செதுக்கிய மரச்சிலைக்கும் கற்சிலைக்கும் அப்பெயரோ அதன் திரிபோ வழங்குகின்றது. ஆனால் உங்கள் விருந்தினர் அறிந்த ‘டிக்கி பாணி’ என்பது, 1930களில் ஹொலிவூட்டில் திறக்கப்பட்ட ஒரு மதுச்சாலையில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளைப் பார்த்துத் திரும்பிய படையினரின் ஆர்வத்தால் வளர்ந்த அமெரிக்க உணவக அலங்காரமாகும். சுவரில் மாட்டும் முகப்பலகை பொலினீசியாவைவிடப் பப்புவா நியூகினியின் வளைகுடாப் பகுதிக்கே நெருக்கமானது. அங்கு ‘கோப்பே’ எனப்படும் முன்னோர் பலகைகள் சில பழுதடைந்த ஓடங்களின் பக்கமரத்திலிருந்தே செதுக்கப்பட்டன.

ஆகவே அந்தப் பாணியைப் பின்பற்றலாம். எனினும் மாவோரிக் குடும்பங்கள் வழிவழியாகப் போற்றும் கழுத்தணி உருவங்களையும் முகப்பச்சைக் கோலங்களையும் அப்படியே பிரதி செய்து விற்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அகன்ற வாய், புடைத்த கண், ஆழமான வெட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, நமது களப்பின் முதலையையோ மீனையோ முகமாக்கினால் அது பொத்துவிலில் செய்த பலகையாகவே இருக்கும்.

மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. தாகித்தியில் ‘மிரோ’ என்றும் ஹவாயில் ‘மிலோ’ என்றும் போற்றப்படும் செதுக்கு மரம் நம் வேலியோரப் பூவரசுதான்; அங்கு ‘கமானி’ எனப்படுவது நம் புன்னை. நேரான பூவரசம் பலகை கிடைப்பது அரிது என்பதால், மரக்காலைக்குப் போகும் முன் கரையில் கைவிடப்பட்ட தோணி ஏதும் விற்பனைக்கு உண்டா என்று விசாரியுங்கள். பல ஆண்டுகள் காய்ந்த அத்தகைய பலகை இனி வளைவது குறைவு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை எரித்தோ உலர்நிலையில் தேய்த்தோ நீக்காமல், நனைத்துச் சுரண்டிக் கழிவைச் சேகரித்து அகற்றுங்கள்.

பலகை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாதிருக்கட்டும். கரித்துண்டால் முகத்தை வரைந்து, கோட்டின் மீது உளியை நிமிர்த்திக் கொட்டாப்புளியால் தட்டி வெட்டிய பின்னரே, உட்பக்கத்தைச் சரிவாகக் குடைய வேண்டும். இவ்வெட்டு இல்லாவிடில் மரம் நார்வழியே பிளந்து மூக்கையும் கொண்டுபோய்விடும். உளித் தடங்களை மணல்தாளால் முழுவதும் அழித்துவிடாதீர்கள், அவைதாம் கைவேலையின் அடையாளம். கோப்பே பலகைகளின் வெள்ளை, சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களும் சுண்ணாம்பு, காவி, கரி என்று நம் வீட்டிலேயே உள்ளன. வெறுமனே பூசினால் கையில் ஒட்டும் என்பதால், மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து அதில் குழைத்துப் பூசுங்கள்.

கேள்வி: ஐயா, அயல்வீட்டில் தறித்த தென்னை மரத்தில் ஒரு துண்டைத் தருவதாகக் கூறுகிறார்கள். அதில் தோல் கட்டிய முழவு செய்ய முடியுமா? – வாசகி, கல்லடி

பதில்: முடியும். ஹவாய் மக்களின் ‘பாஹு’ என்னும் முழவு பெரும்பாலும் தென்னங்குற்றியைக் குடைந்து, மேல்வாயில் சுறாத்தோலைக் கட்டிச் செய்யப்படுவது. அதன் உள்ளே நடுவில் ஒரு தடுப்பு விடப்படும். தடுப்புக்கு மேலே ஒலிக்கும் குடம், கீழே துளைவேலைப்பாடுள்ள பீடம். முதன்முதலாகச் செய்யும் நீங்கள் தடுப்பை விட்டுவிட்டு, இருபுறமும் திறந்த குழலாகக் குடைவதே நல்லது.

தென்னைக்கு ஏனைய மரங்களைப் போல நடுவில் வைரம் கிடையாது. வெளிப்புறம் இரும்பு போலவும் உட்புறம் சோற்றியாகவும் இருக்கும் அந்த இயல்புதான் முழவு செய்பவருக்கு வாய்ப்பு. முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியிலிருந்து ஒன்றரை அடி நீளத் துண்டை எடுத்து, பச்சையாக இருக்கும்போதே நடுவில் துறப்பணத்தால் நெருக்கமாகத் துளைகள் இட்டு, இடைப்பட்டதை வளைந்த வாயுள்ள உளியால் எடுங்கள். உளி விரைவில் மழுங்கும். அருகில் சாணைக்கல் இருக்கட்டும். சுவர் ஓர் அங்குலம் வரும்போது நிறுத்தி, பூஞ்சணம் பிடிக்காதிருக்கப் போராக்ஸ் கரைசலைப் பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் மாதக் கணக்கில் உலர விடுங்கள். கச்சான் காற்று நேராக வீசும் முற்றத்தில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

தோலுக்குச் சுறா வேண்டாம். சில சுறா இனங்கள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆட்டுத்தோலே தாராளமாகப் போதும். பச்சைத் தோலைச் சில நாட்கள் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் மயிர் இளகும். கையுறை அணிந்து மயிரையும் உட்புறச் சதைப்பற்றையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி, சுண்ணாம்பு வாடை போகும்வரை பல தண்ணீரில் அலசுங்கள். மேல்வாயின் விளிம்பை உருட்டி மழுக்காவிட்டால் தோல் அங்கேயே அறுந்துவிடும். ஈரத்தோலைப் போர்த்து, அதன் ஓரத்திலும் குழலின் அடிப்புறச் சுவரிலும் துளைகள் இட்டு, அவற்றினூடாகக் கயிற்றை மேலும் கீழுமாகக் கோத்து இழுக்க வேண்டும். பாஹுவிலும் இதற்குத் தேங்காய் நார்க்கயிறுதான் வழக்கம். நன்கு முறுக்கிய தும்புக்கயிறு இருக்கையில் நைலோனைத் தேட வேண்டியதில்லை. ஈரமாக இருக்கும்போதே முழு விசையுடன் இழுத்துவிடாதீர்கள். காயும்போது தோல் தானாகச் சுருங்கும், மிகையாக இழுத்தது நள்ளிரவில் வெடிக்கும். எனது முதல் முழவு அப்படித்தான் போயிற்று. வீட்டில் கள்ளன் புகுந்துவிட்டான் என்றே நினைத்தோம்.

மார்கழி மழையில் தோல் தளர்ந்து ஒலி மந்தமானால் அஞ்ச வேண்டாம். பறை வாசிப்பவர்கள் செய்வது போலத் தணலுக்குச் சற்றுத் தொலைவில் காட்டினால் மீண்டும் இறுகும்.

கேள்வி: தோல் பதனிட எங்களுக்கு இடவசதி இல்லை. தோலின்றி முழவு உண்டா? – வாசகர், காத்தான்குடி

பதில்: உண்டு. தாகித்தியின் ‘தோஎரே’ ஒரே மரத்துண்டில் நீளவாக்கில் பிளவிட்டு, அப்பிளவின் வழியே உள்ளே குடைந்து, குச்சியால் அடிப்பது. மிரோ, அதாவது பூவரசு, அதற்குரிய மரங்களுள் ஒன்று. இரண்டடி நீளமும் ஐந்தாறு அங்குல விட்டமும் உள்ள கட்டையின் இரு முனைகளிலும் மூன்று அங்குலம் குடையாமல் விடுங்கள். பிளவு பெருவிரல் அகலம் இருந்தால் உளி நுழையும். குடையக் குடைய அடித்துக் கேளுங்கள். ஒலி தாழ்ந்துகொண்டே வரும், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம்.

கேள்வி: வேப்பங்குற்றியில் செதுக்கிய முகம் ஒரே வாரத்தில் நெற்றி முதல் தாடை வரை வெடித்துவிட்டது. என் பிழை என்ன? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: செதுக்கியதில் பிழையில்லை, குற்றியைத் தெரிந்ததில்தான். நடுக்குருத்து உள்ளே இருக்கும் முழுக்குற்றி, சுற்றுவாக்கில் அதிகமாகவும் நடுவை நோக்கிக் குறைவாகவும் சுருங்குவதால் எங்காவது பிளந்தே தீரும். எங்கு பிளப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்: முகத்துக்குப் பின்புறம் நடுக்குருத்து வரை வாளால் ஒரு நீள்வெட்டு இட்டுவிட்டால், மரம் அங்கே விரிந்து முகத்தை விட்டுவைக்கும். இரு முனைகளிலும் உருக்கிய மெழுகு பூசினால் ஈரம் மெல்ல வெளியேறும். இப்போதைய வெடிப்பை உடனே அடைக்காதீர்கள்; முற்றாக உலர்ந்தபின் அதே மரத்தின் சீவலைப் பசையிட்டுச் செருகச் சொன்னால், உங்கள் ஊர் ஓடாவியார் எவரும் அரை மணியில் முடித்துத் தருவார்.

கேள்வி: வளவில் உள்ள பலாமரத்தைத் தறித்து இந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா? – வாசகி, திருக்கோவில்

பதில்: அனுமதியின்றித் தறிக்க முடியாது. பலாவையும் பெண்பனையையும் வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஒரு பலகைக்காகக் காய்க்கும் பலாவைத் தறிப்பதைவிட, காற்றில் முறிந்த கிளை ஒன்று வரும்வரை காத்திருக்கலாம்.