லொறி நிற்கிற கடை

கேள்வி: ஐயா, சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். கடைக்காரருக்கு உங்களைத் தெரிந்திருந்தால் நல்ல மீன் துண்டாகப் பார்த்து வைக்கமாட்டாரா? பிறகு எப்படி உண்மையை எழுதுவது?
— வாசகி, மாங்குளம்

பதில்: வைக்கிறார், தங்கச்சி. பரந்தனில் ஒருநாள் என் கோப்பையில் பொரித்த பாரைத் துண்டு இரண்டு. பக்கத்தில் இருந்த லொறிச் சாரதிக்கு வால் துண்டு ஒன்று. அவருடைய சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதினேன்.

1993 முதல் 1999 வரை நியூயோர்க் டைம்ஸில் உணவக விமர்சனம் எழுதிய ரூத் ரைக்கல், பொய்முடி வைத்து, வேறு பெயரில் மேசை பதிவு செய்து போனவர். நான் பொய்முடியோடு ஏ9 வீதியில் இறங்கினால், "அண்ணை, எந்தக் கோயிலில் நாடகம்?" என்று பஸ் நடத்துநரே கேட்பார்.

அதனால் முகத்தை விட்டுவிட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன். பகல் இரண்டரை மணிக்குப் போகிறேன். என்னைக் கண்டதும் மீன் துண்டை மாற்றலாம், சோற்றையும் சொதியையும் மாற்ற முடியாது. தேங்காய்ப்பால் விட்ட சொதியைக் கொதிக்க விடக்கூடாது; நுரை கட்டியதும் இறக்கிவைத்துத் தேசிக்காய்ப் புளி விடவேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கிய சொதியில் பால் திரைந்து பொருக்காக மிதக்கும், கீழே வெறும் மஞ்சள் தண்ணீர் நிற்கும். அகப்பையால் ஒருமுறை கலக்கினால் அந்தச் சமையலறையின் காலைப்பொழுது முழுவதும் தெரிந்துவிடும்.

கேள்வி: நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கிற மிச்சலின் நட்சத்திரம் போல நம் கடைகளுக்கும் ஏதாவது கொடுத்தால் என்ன?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அதைத் தொடங்கியது ஒரு டயர் கம்பனி. 1900இல் வாகனக்காரருக்காகப் போட்ட கைநூல். நட்சத்திரம் வந்தது 1926இல். சாரதிகளின் வயிற்றை நம்புவதென்றால், ஏ9 வீதியில் அவர்கள் நின்று கும்பிட்டுப் போகிற முறிகண்டிப் பிள்ளையார் கோயில் நமக்குப் போதும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிய பிறகு அவர்கள் எங்கே சாப்பிட நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று மட்டும்: தூரப் பஸ் நிற்கிற கடையை நம்பவேண்டாம். அங்கே சாரதிக்கும் நடத்துநருக்கும் பெரும்பாலும் சாப்பாடு இலவசம். லொறிக்காரர் தம் காசில் சாப்பிடுகிறார். (நானும்தான். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.)

கேள்வி: குறை எழுதிய கடைக்குத் திரும்பப் போனதுண்டா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். சொதி திரைந்திருந்தது என்று எழுதியிருந்தேன். அங்கே சமைக்கிற அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சொதிச் சட்டியை அப்படியே தூக்கிவந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். அருமையான சொதி.

மீன்தான் முதல்நாள் மீன்.