ஆயிரம் இன்ஜினியர் இருந்தும் கார் ஏன் தேறுவதில்லை?

கேள்வி: ஃபார்முலா 1 நான்கு வருடமாகப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்த டீம் ஆரம்பத்தில் சொதப்பினால், “அப்டேட் வருகிறது” என்கிறார்கள். வந்த பிறகும் அதே இடம்தான். இத்தனை பணமும் ஆட்களும் இருந்தும் ஏன் சரிசெய்ய முடியவில்லை? அப்டேட் பலித்ததா என்று டிவியில் பார்க்கும் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புதுப் பாகம் செய்வது அவர்களுக்குக் கைவந்த வேலை. எந்தப் பாகத்தைச் செய்வது என்று கண்டுபிடிப்பதில்தான் மாதங்கள் போய்விடுகின்றன.

2022 மெர்சிடிஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் விதிகள் மாறி, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் அடிப்பாகத்துக்கு, அதாவது ஃப்ளோருக்குப் போனது. தரைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பிடிப்பு. பஹ்ரைன் சோதனை ஓட்டத்துக்கு மெர்சிடிஸ், சைடுபாடே (காரின் இருபக்கப் புடைப்பு) இல்லாதது போன்ற ஒல்லி உடம்போடு வந்தது. நேர்பாதையில் வேகம் ஏற ஏற கார் கீழே இறங்கும். இடைவெளி ரொம்பக் குறைந்ததும் அடியில் காற்றோட்டம் அடைபட்டு உறிஞ்சல் விட்டுப்போகும், கார் எழும்பும். எழும்பியதும் மறுபடி உறிஞ்சும். ஓட்டுநரின் ஹெல்மெட் தையல் மெஷின் ஊசி மாதிரி ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். அஜர்பைஜானின் பாகூ ரேஸ் முடிந்து மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

இது விண்ட் டனலில், அதாவது மாடல் காரின் மேல் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில், ஏன் தெரியவில்லை? அங்கே வைப்பது அதிகபட்சம் 60 சதவீத அளவு மாடல். காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிஜக் கார் 300ஐத் தாண்டும். மேலும் மாடலை ஒரு தண்டில் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். அது நிஜக் கார் போல டயரிலும் ஸ்ப்ரிங்கிலும் துள்ளாது.

சரி, காரைக் கொஞ்சம் உயர்த்தினால் போயிற்றே? துள்ளல் நிற்கும், பிடிப்பும் போகும். துள்ளலை ஒருவாறு அடக்கிய பிறகும் கார் மெதுவாகத்தான் இருந்தது. முதல் நோய் இரண்டாவது நோயை மறைத்திருந்தது.

சில கோளாறுகள் தெரிந்தாலும் கைவைக்க முடியாது. முன்சக்கரங்களுக்கு மிக அருகில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று 2023இல் ஹாமில்டன் புலம்பினார். மே மாதம் மொனாக்கோவில் சைடுபாட், ஃப்ளோர், முன் சஸ்பென்ஷன் எல்லாம் மாறின. ஓட்டுநர் உட்காரும் காக்பிட் மட்டும் நகரவில்லை. அதை நகர்த்த வேண்டுமென்றால் கிராஷ் டெஸ்ட் தேறிய சேஸியையே, அதாவது காரின் அடிப்படைக் கூட்டையே, புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு 2024 கார் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தேடும் கருவிக்கும் ரேஷன் உண்டு. விண்ட் டனலில் சுமார் எட்டு வாரத்துக்கு 320 ஓட்டம் என்பது 100 சதவீதம். முதலிடத்து டீமுக்கு 70, பத்தாம் இடத்துக்கு 115. முந்தைய வருடம் டீம்களில் சாம்பியன் என்பதால் மெர்சிடிஸுக்கு 2022இன் முதல் பாதியில் கிடைத்தது அந்த 70தான். தேவை அதிகமாக இருந்தபோது அளந்தது குறைவு! செலவுக்கும் உச்சவரம்பு. அடிப்படைத் தொகை 2023இல் 13.5 கோடி டாலர். தப்பான ஃப்ளோர் ஒன்றைச் செய்தால் அந்தக் காசு போனது போனதுதான். ரேஸ்களுக்கு நடுவே டிராக்கில் இஷ்டப்படி சோதித்துப் பார்க்கவும் அனுமதி இல்லை. வெள்ளி, சனியில் மொத்தம் மூன்று மணி நேரப் பயிற்சி, கூடவே ஒரு குட்டி ரேஸும் நடக்கும் ஸ்பிரிண்ட் வாரமென்றால் ஒரே மணி நேரம்.

தேறியவர்கள் இல்லாமல் இல்லை. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தவித்த மெக்லாரன், ஜூலையில் ஆஸ்திரியாவுக்குப் புதுப் பாகங்களைக் கொண்டுவந்தது. அடுத்த வாரமே இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் அதன் ஓட்டுநர்கள் நாரிஸ் இரண்டாமிடம், பியாஸ்ட்ரி நான்காமிடம். கார் பின்தங்கியிருப்பது அறிமுக நாளிலேயே அவர்களுக்குத் தெரியும், வேலையை முன்பே தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு கிராண்ட் பிரீ வெள்ளிக்கிழமையும், எந்த டீம் என்ன புதுப் பாகம் கொண்டுவந்தது, எதற்காக என்று ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏ பட்டியல் வெளியிடும். அந்த டிராக்குக்கு மட்டும் என்று குறித்தவற்றை விட்டுவிடுங்கள். ஒரே டீமின் ஒரு காரில் மட்டும் புதுப் பாகம் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆஸ்திரியாவில் முதலில் நாரிஸுக்கு மட்டும்தான் கிடைத்தது. அவர் நான்காவதாக வந்தார், பழைய பாகங்களோடு ஓடிய பியாஸ்ட்ரிக்குப் புள்ளியே இல்லை. அப்புறம், அப்டேட் வந்து மூன்று நான்கு ரேஸ் ஆன பிறகும் வெள்ளிக்கிழமை காரில் பச்சைச் சாயத்தைப் பூசிக் காற்றின் தடத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நல்ல ரேஸை மட்டும் நம்பாதீர்கள். 2022இன் 22 ரேஸ்களில் 21ஆவதான பிரேசிலில் மெர்சிடிஸின் ரஸ்ஸல் ஜெயித்தார், ஹாமில்டன் இரண்டாமிடம். அந்த வெற்றிதான் மெர்சிடிஸை ஏமாற்றியது என்பது என் கருத்து. அடுத்த வருடமும் அதே ஒல்லி உடம்போடு வந்தார்கள். 2023இல் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை.