13ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

வேலந்தாவளத்தில் இருந்து கேட்டிருக்கும் நண்பர், 2023இல் கோயம்புத்தூரில் வாங்கிய ஐ9 13900கே ப்ராசஸரில் வீடியோ எடிட்டிங் செய்கிறார். இதுவரை பெரிய தொந்தரவு இல்லை. ஆனாலும் அந்த வரிசை ப்ராசஸர்கள் கெட்டுப்போகின்றன என்று கேள்விப்பட்டு, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறார். கேரள எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்து பிழைப்பவன் நான். என் மேசையில் இருப்பதும் அதே வரிசையைச் சேர்ந்த ஐ7 13700கே தான். வாங்கிய பில் கையில் இருந்தால் விற்காதீர்கள் என்பதே என் பதில்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 மாடல்களில், கோர்கள் எனப்படும் கணக்கிடும் பகுதிகளைத் தாளம் தப்பாமல் இயக்கும் கிளாக் சுற்று, அதிக வோல்டேஜும் சூடும் சேரும்போது நாளடைவில் தேய்ந்துவிடுகிறது என்று 2024 செப்டம்பரில் இன்டெல் விளக்கம் அளித்தது. அப்படித் தேய்ந்த சிப், முன்பு போதுமாக இருந்த வோல்டேஜில் அதே வேகத்தில் ஓட முடியாமல் தடுமாறும். அந்த அதிக வோல்டேஜைக் கேட்டு வாங்கியது, ப்ராசஸரை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளான மைக்ரோகோடே. மதர்போர்டுகள் மின்வரம்பைத் திறந்துவிட்ட நிலையில் விற்கப்பட்டதும் அதோடு சேர்ந்துகொண்டது. 2024 ஆகஸ்டில் வந்த 129ஆம் மைக்ரோகோட் இந்த வோல்டேஜை 1.55 வோல்ட்டுக்குள் நிறுத்தியது. அடுத்து வந்த 12பி, கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் எகிறும் வோல்டேஜை அடக்கியது. 2025 மே மாதத்து 12எஃப், லேசான வேலையோடு நாள்கணக்கில் அணைக்காமல் ஓடும் கணினிகளுக்காக வந்தது. ராத்திரி முழுக்க கல்யாண வீடியோவை அப்லோடு செய்யவிட்டு, காலையில் அப்படியே அடுத்த வேலையைத் தொடங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் மிக முக்கியம். ஆகவே முதல் வேலையாக, மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் இருந்து புதிய பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்; புதிய மைக்ரோகோட் இதற்குள்தான் வரும்) எடுத்துப் போட்டு, மின்வரம்பை இன்டெல்லின் டீஃபால்ட் அமைப்புக்கே மாற்றிவிடுங்கள்.

ஆனால் எந்த மைக்ரோகோடும் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைச் சரியாக்காது. உங்களுடையது தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நம் தொழிலிலேயே ஒரு வழி உண்டு. போட்டோகிராபர் அனுப்பும் பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது, உள்ளே இருக்கும் தரவு சரியில்லை என்று சொல்லும் சிஆர்சி பிழை வந்தால், அதே கோப்பை மறுபடியும் விரித்துப் பாருங்கள். கோப்பே கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே படத்தில்தான் நிற்கும். ஒரு முறை முகூர்த்தப் படத்திலும் மறுமுறை பந்திப் படத்திலும் நின்று, மூன்றாம் முறை ஒன்றுமே நடக்காதது போல விரிந்துவிட்டால், சந்தேகம் ரேம் மீதோ ப்ராசஸர் மீதோதான் போக வேண்டும். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டி ரேமைத் தனியே சோதியுங்கள். ரேம் சுத்தமாக இருந்தால், பயாஸில் பெரிய கோர்களின் (பி-கோர்) வேகத்தை 55இல் இருந்து 53ஆக, அதாவது 5.5 கிகாஹெர்ட்ஸில் இருந்து 5.3ஆகக் குறைத்துப் பாருங்கள். உடனே பிழை நின்றுபோனால் அது தேய்ந்த சிப் என்றே கொள்ளலாம். கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேறொரு வேடிக்கையும் நடக்கும்: வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் பிழை வரும், குற்றமே செய்யாத கிராபிக்ஸ் கார்டை மாற்றுவார்கள். எங்கள் ஊரில் இன்னொரு ஸ்டுடியோக்காரரிடம், "விண்டோஸைப் புதுசா போட்டா சரியாயிடும்ணா" என்று சொல்லியே ஒரு கடைக்காரர் மாதக்கணக்கில் அலையவிட்டார்.

வேகத்தைக் குறைத்துவிட்டு அப்படியே ஓட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இந்தத் தேய்மானம் தொடர்ந்து நடக்கக்கூடியது. இன்றைக்கு 53இல் ஓடுவது, மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது, ஏசி இல்லாத அறையில், வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கும் நேரம் பார்த்து நின்றுபோகலாம்.

பில் இருந்தால் போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இருந்த மூன்று ஆண்டு வாரன்டியை இன்டெல் 2024இல் இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியது. 2023இல் வாங்கியதற்கு 2028 வரை காலம் இருக்கிறது. விற்றால் சந்தை பேசும் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்; வைத்திருந்தால், கெட்டாலும் மாற்றுச் சிப் கிடைக்கும். பெட்டியோடு வாங்கியிருந்தால் இன்டெல்லிடமே நேராகக் கேட்கலாம். பெட்டியில்லாமல் வரும் ட்ரே சிப்பாக இருந்தால் விற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். சிப்பின் உலோக மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் கேட்பார்கள். கூலரைக் கழற்றும் நாளில் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் கம்பெனியான ஏஎம்டிக்கு மாறுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதர்போர்டு மாற வேண்டும், டிடிஆர்4 வைத்திருந்தால் ரேமும் மாற வேண்டும். அந்தப் பக்கமும் 2023இல் சில ரைசன் 7000 சிப்புகள் கருகி, எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பில் கோர்கள் அல்லாத பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்த வேண்டிவந்தது.

தேய்ந்தது உறுதியானால் திருப்பி அனுப்ப ஆடி மாதத்தைப் பாருங்கள். நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டு பக்கமும் கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் கணினி இல்லாமல் சில வாரம் சமாளிக்கலாம். அவசரம் என்றால் 12ஆம் தலைமுறை ஐ3 ஒன்றை இடைக்காலத்துக்கு வாங்கிப் போடுங்கள். அதே சாக்கெட்டில் உட்காரும், அந்தத் தலைமுறைக்கு இந்த நோயும் இல்லை. மாற்றுச் சிப் வந்ததும் பயாஸ் புதியதுதானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதைப் பொருத்துங்கள்.

பில் தொலைந்துவிட்டதென்றால், வாங்கிய கடையில் ஜிஎஸ்டி பில்லின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கணினியில் இருக்கும். அதுவும் கிடைக்காமல், சோதனையில் பிழையும் வந்தால், அதே போர்டில் 12ஆம் தலைமுறை ஐ7 ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழையதை யாருக்கும் விற்காமல் அலமாரியில் போட்டுவிடுங்கள்.