வெறும் பட்டன்தானா?

அன்புள்ள ஐயா,

வீடியோ கேமும் கலைதான் என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதைக் காட்டி, கண்ட்ரோலர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கதை, படம், இசையெல்லாம் கலை, சரி. பட்டன் அமுக்குவதில் என்ன கலை? இந்த வருடம் வாங்கித் தரலாமா?

ம., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ம.,

பரீட்சைக் கணக்கை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருப்பது அந்தப் பட்டன்தான்.

பாலக்காட்டு மண்ணில் இருந்துகொண்டு இப்படிக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தோல்பாவைக்கூத்து நடக்கிற நாடு அது. சிறுவயதில் மாமாவோடு போய், பகவதி கோயில் கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். 21 விளக்குகள் எரியும். பாவையாட்டும் புலவர், கம்பன் பாட்டைச் சொல்லிக்கொண்டே ஒரு கையால் பாவையின் நடுக்குச்சியைப் பிடித்து, மறு கையால் அதன் கைக்குச்சியை அசைப்பார். பாட்டு கம்பனுடையது. இராவணனின் கோபம் அந்த மணிக்கட்டிலிருந்து வந்தது. கைவேலை என்றால் ஒரு படி கீழே என்று நினைக்கிற புத்தியை முதலில் விடுங்கள்.

கேமில் அந்தக் குச்சியை ரசிகன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். 2001இல் வந்த 'இக்கோ'வில் யோர்டா என்ற பெண்ணின் கையைப் பிடித்து நடக்க, ஒரு பட்டனை அமுக்கியபடியே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் அவள் கை விட்டுப்போகும்.

அப்புறம், ஜோசப் ஃபாரஸ் இயக்கி 2013இல் வந்த 'பிரதர்ஸ்' என்ற கேம். அண்ணன், தம்பி இருவரையும் ஒருவரே ஒரே நேரத்தில் ஆட்டிவைக்க வேண்டும். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. கண்ட்ரோலரின் இடப்பக்கம் முழுக்க அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. அம்மா தண்ணீரில் போனவள், அதனால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துபோகிறான். அதுவரை ஓயாமல் வேலை செய்த உங்கள் இடது கை சும்மா கிடக்கிறது. தம்பி தனியாகத் தண்ணீர் முன்னால் வந்து நிற்கிறான். அவனுடைய பட்டனை அமுக்கினால் இறங்க மாட்டேன் என்கிறான். அண்ணனின் பட்டனை அமுக்கினால் நீந்துகிறான்.

இதைச் சினிமாவில் எப்படிக் காட்டுவீர்கள்? பழைய காட்சி ஒன்றை வைத்து, பின்னணியில் புல்லாங்குழல் வாசிக்கலாம். இங்கே அண்ணன் இல்லாத வெறுமை உங்கள் இடது கைக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் கையைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள். யூடியூபில் பார்த்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதீர்கள். அதில் அண்ணன் செத்தான் என்ற செய்தி மட்டும்தான் கிடைக்கும்.

நீங்களே ஆடிப் பாருங்கள். முதலில் இரண்டு பையன்களும் ஆளுக்கொரு பக்கம் போய் முட்டிக்கொள்வார்கள். மகன் சிரித்தால் சிரிக்கட்டும். பாதியில் கண்ட்ரோலரை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.