எந்தத் தெரு, எந்தக் கம்பம்? – வாசகர் கேள்விகள்

போன இதழில் வயர்லெஸ் சென்சார்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். ஏதாவது ஒன்றை அளந்து ரேடியோ வழியாக அனுப்பும் சின்னக் கருவிகள் அவை, ஒவ்வொன்றையும் நோடு என்பார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. கேட்டிருப்பது வேறு வேறு மாதிரி இருந்தாலும் அடியில் ஒரே கேள்விதான்: சென்சார் அளவைச் சொல்கிறது, சரி, அது எங்கே இருந்துகொண்டு சொல்கிறது? அதில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் மழைத் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க 20 சென்சார் நோடு வைப்பது எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட். ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் போட்டுவிடலாம் என்றேன், கைடு வேண்டாம் என்கிறார். ஏன்? – இன்ஜினீயரிங் மாணவி, வியாசர்பாடி

உங்கள் கைடு சொல்வது சரிதான். முதல் காரணம் பேட்டரி. சாதாரண ஜிபிஎஸ் மாட்யூல் வேலை செய்யும்போது சுமார் 25 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அதை விடாமல் ஓட்டினால் 100 மணி நேரம், அதாவது நான்கு நாளில் பேட்டரி காலி. பெரும்பாலும் தூங்கிக்கொண்டு, மணிக்கு ஒரு முறை விழித்து அளவை மட்டும் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும் நோடு அதே பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். இரண்டாவது காரணம் உங்கள் தெருவேதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, குறைந்தது நான்கு தெரிந்தால்தான் இடம் கிடைக்கும். வெட்டவெளியில் ஒரு செல்போன் 5 மீட்டர் அளவு பிழையோடு இடத்தைச் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் மூன்று மாடி நிற்கிற சந்தில் சிக்னல் எதிர்ச் சுவரில் பட்டு, கூடுதல் தூரம் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது, நோடு பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் கணக்கு வந்து நிற்கும்.

ஆனால் நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. உங்கள் நோடுகள் நகரப் போவதில்லையே? சுவரிலோ கம்பத்திலோ கட்டிவைக்கப் போகிறீர்கள். அப்படியென்றால் மாட்டுகிற அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் தெரு, வீட்டு எண், தெருவிளக்குக் கம்பத்தின் எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். 20 நோடுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தானாக இடம் கண்டுபிடிக்கும் முறைகள் எல்லாம் நூற்றுக்கணக்கில் நோடுகளைத் தூவும் இடத்துக்கும், நகர்கிற பொருளுக்கும் உண்டானவை. ப்ராஜெக்டில் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் கையால் எழுதிய இடத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு, கணக்கு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அளந்து காட்டுங்கள். பெரிய பெரிய சமன்பாடுகளைவிட அந்த ஒரு அட்டவணைக்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: தண்ணீர் தேங்குவதற்கு நோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிழக்கு மேற்கில் 2 மீட்டர் தப்பினால் ஒன்றும் ஆகாது. உயரத்தில் 20 சென்டிமீட்டர் தப்பினால் எந்த வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்பதே மாறிவிடும். ஜிபிஎஸ்ஸோ உயரத்தில்தான் ரொம்பத் தடுமாறும். மேஸ்திரிகள் கண்ணாடி மாதிரி ட்யூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அதை வைத்து ஒரு வீட்டு வாசல் படியை ஆரம்பமாகக் கொண்டு 20 நோடுக்கும் மட்டம் எடுங்கள். அரை நாள் வேலை.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தில் எங்கள் ஐஸ் பெட்டிகள் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. பெட்டியில் ரேடியோ டேக் ஒட்டி, சுவர் ஓரமாக வரிசையாக நிற்கும் மூன்று கம்பங்களில் ரிசீவர் வைத்தோம். பாதி நேரம் பெட்டி தண்ணீருக்குள் இருப்பதாகக் காட்டுகிறது. சாஃப்ட்வேர் சரியில்லையா? – படகு உரிமையாளர், காசிமேடு

சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. கம்பங்கள் ஒரே வரிசையில் நிற்பதுதான் சிக்கல்.

ஒரு கம்பத்திலிருந்து பெட்டி 30 மீட்டர் என்று தெரிந்தால், அந்தக் கம்பத்தைச் சுற்றி 30 மீட்டரில் ஒரு வட்டம் போடலாம், பெட்டி அந்த வட்டத்தின் மேல் எங்கேயோ இருக்கிறது. இரண்டாவது கம்பத்தின் வட்டம் அதை இரண்டு புள்ளிகளில் வெட்டும். அந்த இரண்டில் எது என்று சொல்லத்தான் மூன்றாவது கம்பம். இப்போது ஒரு தாளில் நேர்க்கோடு போட்டு மூன்று கம்பங்களையும் அதன் மேலேயே குறித்துக்கொண்டு, கோட்டின் ஒரு பக்கம் பெட்டிக்கு ஒரு மைப்புள்ளி வையுங்கள். மை காய்வதற்குள் அந்தக் கோட்டிலேயே தாளை மடித்துப் பிரியுங்கள். மறுபக்கத்தில் ஒரு புள்ளி பதிந்திருக்கும், அந்தப் புள்ளிக்கும் மூன்று கம்பங்களிலிருந்தும் அதே தூரங்கள்தான். உங்கள் கோடு துறைமுகச் சுவர், அதனால் ஒரு புள்ளி தரையில், அதன் நிழல் தண்ணீரில். அதே வரிசையில் பத்து கம்பம் நட்டாலும் இது தீராது.

மூன்றில் ஒன்றைக் கழற்றி, உள்ளே தள்ளி, ஏலம் நடக்கிற கூரைப் பக்கம் எங்கேயாவது மாட்டுங்கள். இரண்டு அடி மூன்று அடி தள்ளினால் போதாது. தூரக் கணக்கிலேயே சில மீட்டர் பிழை இருக்கும்போது அந்த இரண்டடி அதில் கரைந்துபோகும். வரிசையின் நீளத்தில் பாதியாவது விலகி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இது உங்களுக்குப் புது விஷயமே இல்லை. கடலில் கரையைப் பார்த்து இடம் பிடிக்கும்போது, கிட்டத்தட்ட ஒரே திசையில் தெரியும் இரண்டு அடையாளங்களை யாரும் நம்புவதில்லை, நன்றாக விலகித் தெரிகிற அடையாளங்களைத்தான் எடுப்பார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (முதல் முக்கோணத்தின் ஒரு பக்கம்) அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்க ஆரம்பித்தாரே, அந்த வேலையிலும் ஒல்லியான முக்கோணம் ஆகாது. இந்தத் துறையில், இடம் ஏற்கெனவே தெரிந்த நோடை நங்கூர நோடு என்பார்கள். நங்கூரம் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் அவை எப்படிப் பரவி நிற்கின்றன என்று பாருங்கள்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை, பின்னால் குடோன். பண்டல்களில் ப்ளூடூத் டேக் போட்டால் எந்த ரேக்கில் இருக்கிறது என்று தெரியுமா? – கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

எந்த மூலை என்று தெரியும். எந்த ரேக் என்று தெரியாது. இந்த டேக்குகள் பெரும்பாலும் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்துத்தான் தூரம் சொல்கின்றன. 1 மீட்டரில் மைனஸ் 45 காட்டும் டேக் இப்போது மைனஸ் 75 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், 30 டெசிபல் குறைந்திருக்கிறது. வெட்டவெளி என்றால் அது கிட்டத்தட்ட 32 மீட்டர். சுவரும் சாமானும் இருக்கும் இடத்தில் 10 மீட்டர். இரும்பு ரேக்கும் துணி மூட்டையும் அடைத்துக்கொண்டிருக்கும் குடோனில் 6 மீட்டர்கூட இருக்காது. கருவியில் தெரிவது ஒரே எண், தூரம் மூன்று.

நான் ராயபுரத்தில் எங்கள் தெருவில் இரண்டு நோடுகளைக் கட்டி ஒரு நாள் பூராவும் பார்த்தேன், இரண்டும் அசையவே இல்லை. நடுவில் தண்ணீர் லாரி வந்து நின்றதும் சிக்னல் சரிந்துவிட்டது, கணக்குப்படி ஒரு நோடு ரொம்ப தூரம் ஓடிப்போயிருந்தது. லாரி கிளம்பியதும் திரும்பி வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே, குடத்தோடு பத்து பேர் கூடி நின்றாலும் சிக்னல் குறையும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. தூரத்தை விட்டுவிட்டு, குடோனில் ஒவ்வொரு இடத்திலும் நின்று எந்த ரிசீவரில் எவ்வளவு சிக்னல் என்று முன்கூட்டியே பதிந்துவைத்து, பின்னால் அதோடு ஒப்பிடுவது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் பாஹ்ல், பத்மநாபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் இதை ஒரு அலுவலகக் கட்டடத்தில் செய்து 2, 3 மீட்டர் பிழைக்குள் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்றால், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கினால் குடோனே மாறிவிடும், எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். ரேக் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ரேக்குக்கு ஒரு பார்கோடு ஒட்டி, பண்டல் வைக்கும்போது ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சிக்னல் பலத்தை நம்ப முடியாது என்றால் சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை அளக்கலாமே? அப்புறம், நங்கூர நோடின் சிக்னலே எட்டாத தூரத்தில் இருக்கும் நோடு தன் இடத்தை எப்படித் தெரிந்துகொள்ளும்? – பிளஸ் ஒன் மாணவர், திருவொற்றியூர்

தம்பி, ரெண்டுமே நல்ல கேள்வி. ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போய்விடும். நோடுகளில் இருக்கும் விலை குறைந்த கடிகாரப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு தப்பினாலே, ஒரே ஒரு விநாடியில் 20 மைக்ரோ விநாடி தள்ளிப்போகும், தூரத்தில் அது 6 கிலோமீட்டர்! திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்தையே தொட்டுவிடும். அதனால் ஒரு தடவை போய்த் திரும்புகிற நேரத்தை அளப்பார்கள், அதற்கும் நல்ல சிப் வேண்டும். இப்போது சில போன்களில் வரும் அல்ட்ரா வைட்பேண்ட் இந்த வகைதான், பத்து, முப்பது சென்டிமீட்டருக்குள் சொல்லும்.

எனக்குப் பிடித்த வழி சத்தம். மின்னல் அடித்த பிறகு இடிச் சத்தம் வரும்வரை நீ எண்ணிப் பார்த்திருப்பாய். அதே மாதிரி நோடு ரேடியோவையும் காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பும், கேட்கும் நோடு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும். அமெரிக்காவில் இருக்கும் எம்.ஐ.டி.யில் 2000-ல் கிரிக்கெட் என்ற பெயரில் இதைச் செய்தார்கள், செய்தவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். இங்கே செய்து பார்க்கும்போது வெப்பநிலையையும் சேர்த்துக்கொள். சத்தம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் 352. பத்து மீட்டருக்கு கால் மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

சிக்னல் எட்டாத நோடு என்ன செய்யும் என்றால், வாய்வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நிகுலெஸ்கு, நாத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் சொன்ன டிவி-ஹாப் (DV-Hop, ஹாப் என்றால் தாவல்) முறை இது. அ, ஆ, இ என்று மூன்று நங்கூரங்கள். அ-விலிருந்து ஆ 300 மீட்டர், நடுவில் கைமாறிக் கைமாறி 5 தாவலில் செய்தி போகிறது. அ-விலிருந்து இ 180 மீட்டர், 3 தாவல். 480 மீட்டருக்கு 8 தாவல், அப்படியானால் ஒரு தாவல் சராசரி 60 மீட்டர். இதை அ எல்லோருக்கும் சொல்லிவிடும். அ-விலிருந்து 2 தாவலில் இருக்கும் நோடு தன் தூரம் சுமார் 120 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஆ, இ இரண்டுக்கும் இப்படியே கணக்கு போட்டால் மூன்று வட்டம் கிடைத்துவிடும்.

நோடுகள் சீராகப் பரவியிருந்தால் இது அழகாக வேலை செய்யும். நடுவில் கன்டெய்னர் யார்டு மாதிரி இரும்பு மலை ஒன்று இருந்தால் செய்தி அதைச் சுற்றிக்கொண்டு போகும், நேரில் 100 மீட்டரில் இருப்பது 6 தாவல், 360 மீட்டர் என்று கணக்கு வரும். மணலி, மாதவரம் பக்கம் இது நிச்சயம் வரும்.

கேள்வி: 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். ஊரைச் சுற்றி சென்சார் வைத்தால் எங்கே கசிகிறது என்று உடனே தெரிந்துவிடுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, எண்ணூர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். உடனே எச்சரிக்கை வரும், அதற்காகவே வைக்கலாம். எங்கே கசிகிறது என்பது அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் சென்சார் இருக்கும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அன்றைக்கு வாயு வந்தது கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து, ஊரைச் சுற்றி வைக்கும் சென்சார் அங்கே இருக்காது. பெரியகுப்பத்தில் ஒரு கம்பத்தில் அளவு ஏறினால் கசிவு பெரியகுப்பத்தில் என்று அர்த்தமில்லை. காற்று அதை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கம்பத்தில் முதலில் ஏறியது, அடுத்து எது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காற்று வந்த திசையில் பின்னோக்கிக் கோடு போடலாம். டிசம்பரில் வடகிழக்குக் காற்று, கடலிலிருந்து ஊருக்குள் தள்ளும். அதனால் காற்றுத்திசை காட்டும் கருவி ஒன்றாவது கூட இருக்க வேண்டும், அதைச் சேர்க்காத திட்டத்தை யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். சென்சார்கள் மூக்கு உயரத்தில் இருக்கட்டும். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான், ஆனால் குளிர்ந்து ஈரத்தோடு சேர்ந்தால் தரையை ஒட்டியே வரும்.

எனக்கு இதில் பெரிய பயம், இடம் மாறிய சென்சார். மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் வருகிறது, கம்பம் சாய்கிறது, யாரோ நல்ல மனதோடு அதை எடுத்து அடுத்த தெருவில் கட்டிவைக்கிறார்கள். அது பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். கசிவு நடக்கிற இரவில் அதை நம்பி மக்களைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டால்? நங்கூர நோடே இப்படி மாறிவிட்டால் அதை வைத்துக் கணக்கிட்ட எல்லாமே பொய்யாகிவிடும். இதற்கு எளிய காவல் உண்டு. ஒவ்வொரு நோடும் தனக்கு யார் யார் சிக்னல் கேட்கிறது என்று தினமும் ஒரு பட்டியல் அனுப்பட்டும், பட்டியல் திடீரென்று மாறினால் ஆளை அனுப்பி நேரில் பார்க்க வேண்டும். நான்கைந்து நங்கூரம் இருந்தால் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், எதை விட்டால் மற்றவை ஒத்துப்போகின்றனவோ அதுதான் கெட்டது.

போனுக்கு வரும் எச்சரிக்கையில் வெறும் எண் மட்டும் வந்தால் ஏற்காதீர்கள். எந்தக் கம்பம், எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம், அந்த இடம் கடைசியாக எந்தத் தேதியில் நேரில் சரிபார்க்கப்பட்டது, காற்று எந்தப் பக்கம், எந்தப் பக்கம் நடக்க வேண்டும், இத்தனையும் தமிழில் இருக்க வேண்டும். கம்பங்கள் எங்கே என்று முடிவு செய்யும்போது உங்கள் குப்பத்தில் எந்த மாதம், எந்த நேரம், எந்தக் காற்று என்று தெரிந்த பெரியவர்களையும் கூட உட்காரவையுங்கள். வரைபடத்தின் ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.