சைப்ரஸ் சமரசத்துக்கு இன்னொரு வழி: கேள்வி பதில்

கேள்வி: சைப்ரஸ் எப்படி இரண்டானது சார்?

பதில்: மத்தியதரைக் கடல் தீவு அது; கிரேக்கர், துருக்கியர் என்று இரு சமூகங்கள். 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அதிபர் கிரேக்கர், துணை அதிபர் துருக்கியர் என்ற ஏற்பாடு 1963 டிசம்பரில் கலவரத்தில் குலைந்தது. 1974 ஜூலையில் தீவைத் தங்களோடு சேர்க்க நினைத்த கிரீஸ் ராணுவ ஆட்சியாளர்கள் சைப்ரஸில் தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பு. ஐந்தே நாளில் துருக்கிப் படை வந்து இறங்கியது. கிரேக்கர்கள் தெற்கே, துருக்கியர்கள் வடக்கே என்று ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். 1983இல் வடக்கு தன்னைத் தனி நாடாக அறிவித்தது. துருக்கி மட்டும்தான் அதை அங்கீகரிக்கிறது.

கேள்வி: தீவை மீண்டும் இணைக்க 2004இல் வந்த ஐ.நா. திட்டம் ஏன் தோற்றது?

பதில்: ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் துருக்கிய சைப்ரஸ் மக்களில் சுமார் 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், கிரேக்க சைப்ரஸ் மக்களில் சுமார் 76 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். துருக்கிப் படை முழுதாக வெளியேறாது என்ற பயம் தெற்கில் இருந்தது. மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், மறுப்பதால் உடனடி இழப்பும் இல்லை. ஆனால் இறுதி வடிவம் வந்தது மார்ச் 31இல்தான். தலைமுறைகளின் தலையெழுத்தை முடிவு செய்ய மக்களுக்குக் கொடுத்த அவகாசம் மூன்றரை வாரம்! இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நீங்கள் சொல்லும் மாற்று என்ன?

பதில்: தலைவர்கள் பேசட்டும். கூடவே, இரு பக்கத்திலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த சாதாரண மக்களின் சபை ஒன்றும் உட்கார வேண்டும். அயர்லாந்தில் அப்படித் தேர்ந்தெடுத்த 99 பேர் கருக்கலைப்புச் சட்டம் பற்றி விவாதித்துப் பரிந்துரை செய்தார்கள். 2018 வாக்கெடுப்பில் மக்கள் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். சைப்ரஸில் முதல் பொருளாக நான் வைப்பது வீடும் நிலமும்தான். 1974இல் வீட்டைப் பறிகொடுத்தவர் ஒருவர், அதே வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்தவர் இன்னொருவர். இருவரும் நேருக்கு நேர் பேசாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது. சபை சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தலைவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். வரைவு மக்கள் கையில் ஒரு வருடமாவது இருந்த பிறகே வாக்கெடுப்பு.

கேள்வி: அண்ணா, இரு தரப்பும் சேர்ந்து வேலை செய்வது நடக்கிற காரியமா?

பதில்: நடந்த காரியம். பிரிவினை நடந்து சில ஆண்டுகளிலேயே பிளவுபட்ட தலைநகர் நிகோசியாவின் இரு பக்க மேயர்கள் லெலோஸ் டிமெட்ரியாடிஸும் முஸ்தபா அகின்ஜியும் நகரத்துக்குப் பொதுவான கழிவுநீர்த் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அப்புறம், காணாமல் போனோர் குழு. 1981இல் அமைத்தது. பட்டியலில் 2,002 பேர். இரு சமூகங்களின் விஞ்ஞானிகளும் சேர்ந்து எலும்புகளை ஆராய்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்த வேலையையே சேர்ந்து செய்பவர்களால் ஒரு மேசையில் உட்கார்ந்து பேச முடியாதா?

கேள்வி: துருக்கி சம்மதிக்காவிட்டால்?

பதில்: சபையால் படையை அனுப்பிவைக்க முடியாது, உண்மை. 2017இல் சுவிட்சர்லாந்தின் க்ரான்ஸ்-மோன்டானாவில் பேச்சு முறிந்ததற்கும் துருக்கிப் படையும் உத்தரவாத உரிமையும் (தீவில் தலையிட துருக்கி, கிரீஸ், பிரிட்டன் கொண்டாடும் உரிமை) முக்கியக் காரணம். ஆனால் தீவு மக்கள் ஒரே குரலில் கேட்டால் அங்காராவுக்கும் ஏதென்ஸுக்கும் சாக்கு குறையும். 2025 அக்டோபரில் கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மன் வடக்கின் அதிபர் தேர்தலில் வென்றதால் இதுதான் நேரம்.

கேள்வி: சபை எங்கே கூடுவது?

பதில்: நிகோசியாவில், இரு பக்கத்துக்கும் நடுவே உள்ள ஐ.நா. பாதுகாப்பு மண்டலத்தில், லெட்ரா பேலஸ் என்ற பழைய ஹோட்டல் பகுதியில். 2003இல் அங்கே கடவை திறந்தது. இரு பக்கத்திலிருந்தும் நடந்தே வரலாம்.