போர் வேண்டாம், பேசித் தீருங்கள் என்று திருச்சபைகள் சொல்வதால் எந்தப் போராவது நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. 1978 டிசம்பரில், அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் நடுவில். ஆனால் உபதேசத்தால் நிற்கவில்லை.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் நீரிணை. அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், நுவேவா, லெனக்ஸ் என்று மூன்று தீவுகள். மூன்றும் சிலிக்கே என்று 1977இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அது செல்லாது என்று 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அறிவித்தது. அதன் கவலை தீவைவிடக் கடலைப் பற்றியதுதான்: தீவுகளைப் பிடித்துக்கொண்டு சிலி அட்லாண்டிக்கில் உரிமை கோரும். அர்ஜென்டினா தாக்குதலுக்குக் குறித்த நாள் டிசம்பர் 22. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தூதரை அனுப்ப முன்வந்ததும் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி கடைசி நேரத்தில் பின்வாங்கியது. (கடல் கொந்தளிப்பும் கைகொடுத்தது, அதை மறைப்பானேன்.)

வந்தவர் 73 வயதுக் கர்தினால் அந்தோனியோ சமொரே. இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8 அன்று மான்டிவிடியோவில் இரு தரப்பும் கையெழுத்திட்டதில், தீவு யாருக்கு என்ற பேச்சே கிடையாது. மத்தியஸ்தம் செய்யுங்கள் என்று இரு நாடுகளும் எழுத்தில் கேட்டன. பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், படைகளை 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குப் படிப்படியாகக் கொண்டுபோவோம் என்று உறுதி கொடுத்தன. முதலில் துப்பாக்கியைக் கீழே வைக்கவைத்து, வரைபடத்தைப் பிறகு விரித்ததுதான் சமொரேயின் சாமர்த்தியம்.

மத்தியஸ்தரின் யோசனை யாரையும் கட்டுப்படுத்தாது. பலமும் பலவீனமும் அதுவே. 1980 டிசம்பரில் வத்திக்கான் கொடுத்த யோசனையைச் சிலி ஏற்றது. அர்ஜென்டினா பிடிகொடுக்கவில்லை, 1981இல் எல்லையையே மூடியது. சமொரே 1983இல் இறந்தார். பிரிட்டனிடம் ஃபாக்லாந்து போரில் தோற்றபின் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி போய், புதிய அதிபர் அல்ஃபோன்சின் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 1984 நவம்பர் 29 அன்று வத்திக்கானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் சிலிக்கு, கிழக்கே கடலின் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. இனி தகராறு வந்தால் முதலில் சமரசக் குழு, அதிலும் தீராவிட்டால் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு என்றும் அதிலேயே எழுதினார்கள். 1994இல் லகுனா டெல் டெசியெர்டோ எல்லைத் தகராறில் நடுவர் தீர்ப்பு சிலிக்குப் பாதகமாக வந்தது, முடிவில் சிலி ஏற்றுக்கொண்டது.

இரண்டும் கத்தோலிக்க நாடுகள் என்பதால் போப்பின் பேச்சை மறுப்பது ஆட்சியாளர்களுக்கு உள்ளூரிலேயே சங்கடம். எங்கும் இது பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2003இல் இராக் போரைத் தடுக்க அதே போப் கர்தினால் எச்செகராயைப் பாக்தாத்துக்கும், கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கும் அனுப்பினார். அமெரிக்க அதிபர் புஷ் லாகியைச் சந்தித்தார், அவர் சொன்னதைக் கேட்டார், இரண்டு வாரங்களில் போரைத் தொடங்கினார். அங்கே மத்தியஸ்தம் வேண்டும் என்று அமெரிக்கா கேட்கவே இல்லை.